சேகோ மில் ஆபீஸில் தொங்கிய போட்டோ

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. இன்று நேற்று வந்த வியாதி இல்லை இது. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு பிறந்தவள் என்று என் அம்மா சொல்வாள். மலை மேல் இருக்கிற எங்கள் வளப்பூர் நாட்டிலிருந்து கீழே டவுனுக்கு பஸ் ஏறினால், சீட் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் வருவேன். எழுபது கொண்டை ஊசி வளைவையும் நின்றபடியே இறங்குகிறவளைப் பார்த்து கண்டக்டர், "ஏனுங்க, சீட்டுல முள்ளா இருக்குது?" என்று கேட்பார். நானும் "உங்க பஸ்ஸுல எது இல்லைங்க?" என்று சொல்லிவிட்டு நிற்பேன்.

போன வருஷம் இரண்டு மாதம் அது முற்றிப் போயிற்று. மிளகு பறிக்க ஏணி ஏறுவேன், பாதிக் கொடியிலேயே இறங்கிவிடுவேன். குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் போவேன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருவேன். சோறு இரண்டு தடவை தீய்ந்தது. மூன்றாம் தடவை என் வீட்டுக்காரரே எழுந்து போய் அடுப்பை அணைத்தார். எல்லாம் ஒரு போட்டோவுக்காக.

கீழே டவுனில் ஒரு சேகோ மில் இருந்தது. எங்கள் மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் லாரி லாரியாக வரும் குச்சிக்கிழங்கை, மரவள்ளி என்பீர்களே அதை, தோல் உரித்து, அரைத்து, பாலெடுத்து, அந்தப் பால் தொட்டியில் தெளிந்த பிறகு மாவை உருட்டி, வறுத்து, களத்தில் காயவைத்து ஜவ்வரிசி ஆக்குகிற மில். அங்கே நான் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். முதல் இரண்டு வருஷம் என் தங்கச்சியும் கூட இருந்தாள். ஒரே லைன் வீட்டில் தங்கி, ஒரே ஷெட்டில் உட்கார்ந்து தோல் உரித்தோம். அவள் உட்கார்ந்து உரிப்பாள். நான் குத்துக்காலிட்டு உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருப்பேன்.

இரண்டாம் வருஷம் ஆயுத பூஜைக்கு மில்லில் போட்டோ எடுத்தார்கள். அன்றைக்கு மெஷினெல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கேட்டில் வாழை மரம் கட்டி, அரவை மெஷின் முன்னால் பெரிய முதலாளி பூசணிக்காய் உடைப்பார். எங்களுக்குப் பொரி கடலை, ஒரு ஜாக்கெட் துணி. அந்த வருஷம் டவுனிலிருந்து போட்டோக்காரரும் வந்தார். அரவை மெஷினைச் சுற்றி முதலாளிகள் நாற்காலியில், கணக்குப்பிள்ளை, டிரைவர்கள் எல்லாம் அவர்களுக்குப் பின்னால், கடைசியில் மலைப் பெண்கள் நாங்கள் பெஞ்சு மேல் ஏறி நின்றோம். அந்தப் படத்தைக் கழுவிக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டினார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் தங்கச்சிக்கு மஞ்சக்காமாலை. மலைக்குக் கூட்டி வந்து கீழாநெல்லி கொடுத்தோம், பிறகு கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பத்தொன்பது வயது. போய்விட்டாள்.

அவளுக்கு வேறு போட்டோ கிடையாது. கல்யாணம் ஆகியிருந்தால் ஒன்று இருந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் நாலாவதோடு நின்றவளை யார் போட்டோ பிடித்தார்கள்? அதனால் அவளுக்குச் சாமி கும்பிடுவதென்றால் எனக்கு மில் ஆபீஸ்தான். இறந்தவர்கள் படத்துக்கு வீட்டில் பொட்டு வைத்துக் கும்பிடுவோமே, அதை நான் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அங்கே செய்தேன். மெஷினுக்கெல்லாம் வைத்த சந்தனத்தில் மிச்சத்தை எடுத்துப்போய், அத்தனை பேர் நிற்கிற அந்தப் படத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும் வைப்பேன். கணக்குப்பிள்ளை பார்த்தும் பார்க்காதது போல் பேரேட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வார். நல்ல மனுஷன்.

பிறகு பெரிய முதலாளி போய்ச் சேர்ந்தார், பங்காளிகளுக்குள் கேஸ் வந்தது, மில்லைப் பூட்டினார்கள். போட்டோ உள்ளே. ஒன்பது வருஷம். நான் எத்தனை தடவை கேட்டுக்குப் போய் நின்றிருப்பேன்! "சாவி வக்கீல்கிட்ட இருக்குதுங்க" என்பார் வாட்ச்மேன். அந்த ஒன்பது வருஷத்தில் எனக்கு ஒரு விஷயம் தெரிந்துபோயிற்று. அதை யாரிடமும் சொல்லவில்லை. என் தங்கச்சி முகம் எனக்கு மறந்துவிட்டது. சிரிப்புச் சத்தம் ஞாபகம் இருக்கிறது, தலையில் தேய்க்கிற எண்ணெய் வாசம் ஞாபகம் இருக்கிறது, முகம் மட்டும் வரவில்லை. கண்ணை மூடினால் என் மகள் முகம் வந்து நிற்கிறது. கூடப் பிறந்தவள் முகத்தை மறந்தவளெல்லாம் ஒரு மனுஷியா என்று என்னையே நான் திட்டிக்கொள்வேன். எனக்கு அந்தப் போட்டோ வேண்டும். அவ்வளவுதான்.

போன வருஷம் கேஸ் முடிந்தது. மில் சின்ன முதலாளி பங்குக்கு வந்தது. இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப் போகிறார் என்று பேச்சு. அந்தச் சமயத்தில்தான் டவுன் காலேஜிலிருந்து ஒரு டீச்சர் மலைக்கு வந்தது. வயசு முப்பது இருந்தால் அதிகம். நம் ஊரின் தொழிலுக்கெல்லாம் ஒரு காட்சியகம் வேண்டும், அதை அந்த மில்லிலேயே வைக்க வேண்டும், பழைய ஆட்கள் வந்து கூட்டத்தில் பேசினால்தான் சின்ன முதலாளி மசிவார் என்றது.

"நீங்க வந்து பேசுவீங்களா அக்கா?"

"பேசறதுக்கா ஆள் தேடற? என்னைய நிறுத்தறதுக்குத்தான் ஆள் தேடோணும்" என்றேன்.

கூட்டம் மில் களத்திலேயே நடந்தது. ஜவ்வரிசி வெயிலில் காய்ந்து பால் போல வெள்ளையாகக் கிடந்த களத்தில் பார்த்தீனியம் முளைத்திருந்தது. ஷாமியானா, நாற்காலி, டீ. சின்ன முதலாளி முன்வரிசையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைக்காரர் ஒருவர் பேசினார், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பேசினார். வாத்தியார் பேச்சு ரேஷன் கடை வரிசை மாதிரி நகரவே இல்லை. நான் ஆபீஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடைந்த பலகை வழியாக உள்ளே இருட்டுத்தான் தெரிந்தது.

என் முறை வந்தது. மைக் என்னோடு நடக்காது என்பதால் அதை விட்டுவிட்டுச் சத்தமாகவே பேசினேன்.

"ஏனுங்க, பாயசம் குடிக்கறீங்க, வடாம் பொரிக்கறீங்க. அந்த ஜவ்வரிசி முத்து எப்படி வந்துச்சுன்னு உங்க ஊட்டுப் புள்ளைங்களைக் கேட்டுப் பாருங்க. மரத்துல காய்க்குதும்பாங்க. கிழங்கு மண்ணுக்கடியில இருக்குதுன்னு தெரியாது, அதைத் தோலுரிச்ச கை வெள்ளையா வெறச்சுப் போகும்னு தெரியாது. மண்டபம் இந்த ரோட்டுலயே நாலு இருக்குது. எல்லா மண்டபத்துலயும் பந்தியில பாயசம் ஊத்தறாங்க. பாயசம் எங்க இருந்து வந்துச்சுன்னு காட்ட ஒரு எடம் இருக்குதுங்களா?"

பின்னாலிருந்து ஒருவர், "அங்க பாக்கறதுக்கு என்ன இருக்குதுங்க அம்மிணி? அந்தக் கிழங்குப் பாலு புளிச்ச நாத்தமா?" என்றார். சிரிப்பு.

"நாத்தமுந்தான்! அதையும் வைக்கோணும். அந்த நாத்தத்துலதானுங்க உங்க ஊடெல்லாம் மாடி ஏறுச்சு. இப்ப மூக்கைப் பொத்துனா எப்படி?"

சிரித்தவர்களே கைதட்டினார்கள். சின்ன முதலாளி செல்போனைக் கீழே வைத்தார். அரவை மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால் நாளைக்கு இந்த ஊரே தானாக வளர்ந்தது என்று சொல்லிக்கொள்வார்கள், மலையிலிருந்து லாரியில் கிழங்கும் கிழங்கு மேல் நாங்களும் உட்கார்ந்து வந்தது பொய்யாகிவிடும் என்றெல்லாம் சொன்னேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அத்தனையும் நிஜம்தான். ஆனால் ஒரு வார்த்தைகூட ஊருக்காகப் பேசவில்லை. மில்லை இடித்தால் போட்டோ குப்பைக்குப் போகும், காட்சியகம் வந்தால் ஆபீஸைத் திறப்பார்கள். என் கணக்கு அதுதான். கைதட்டல் கேட்கக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆபீஸையும் தோல் உரிக்கிற ஷெட்டையும் அரவை மெஷினையும் விட்டுத் தருவதாகச் சின்ன முதலாளி ஒத்துக்கொண்டார். மீதி இடத்தில் மண்டபம். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தது. நான் அதன் காதில் சொன்னேன்: "கண்ணு, ஆபீஸ்ல மேசைக்கு மேல ஒரு போட்டோ இருக்கும். மொதல்ல அதை எடுத்துக்கிட்டு மலைக்கு வா. அதுல இருக்கறவங்க பேரெல்லாம் என்னைய விட்டா யாருக்கும் தெரியாது."

பேர் சொல்வதெல்லாம் சாக்கு. வந்த போட்டோவைத் திருப்பிக் கொடுக்கிற எண்ணமே எனக்கு இல்லை. என் வீட்டுக்காரர் அதே மில்லில் லோடு ஏற்றியவர், என்னை நன்றாகத் தெரிந்தவர். ஒன்றும் கேட்காமல் நடுச்சுவரில் ஆணி அடித்துவைத்தார். அப்புறம் இரண்டு மாதம் டீச்சர் வரவில்லை. சாவி வரவில்லை, பரீட்சை வந்தது, மழை வந்தது என்று போனில் ஏதாவது சொல்லும். நான் ஆணியைப் பார்ப்பேன், வெளியே போவேன், உள்ளே வந்து ஆணியைப் பார்ப்பேன்.

"ஏ புள்ள, அந்த ஆணி எங்கயும் ஓடாது. செத்த உக்காரு" என்பார் அவர்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை வந்தது. நான் ஸ்டாப்பில் நின்று இரண்டு பஸ்ஸைப் பார்த்து ஏமாந்த பிறகு, மூன்றாவது பஸ்ஸில் இறங்கியது டீச்சர், வளைவில் வாந்தியெடுத்து முகமெல்லாம் வெளிறி, மார்போடு ஒரு துணி மூட்டையை அணைத்துக்கொண்டு. வீட்டுக்குக் கூட்டி வந்து எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். பாவம், அது ஒவ்வொரு மடக்காகக் குடித்தது. எனக்கு அந்த டம்ளரைப் பிடுங்கிக் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது.

மூட்டையைப் பிரித்தது. சட்டம் இல்லை, போட்டோ மட்டும் கெட்டி அட்டை மேல் இருந்தது. அரவை மெஷின் இருந்தது. பெரிய முதலாளி, கணக்குப்பிள்ளை, என் வீட்டுக்காரர் இளைஞராக மீசையை முறுக்கிக்கொண்டு. பெஞ்சு மேல் நாங்கள். நான் இடமிருந்து மூன்றாவது. எனக்குப் பக்கத்தில் தங்கச்சி. பச்சைப் புடவை என்று எனக்குத் தெரிந்த புடவை, கருப்பு வெள்ளையில் சாம்பலாக. கழுத்து இருந்தது. கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளைக் காகிதம், ஓரத்தில் பிசிர் பிசிராக.

"இந்த ஒரு எடத்துல மட்டும் என்னமோ பத்துப் போட்ட மாதிரி காஞ்சு ஒட்டியிருந்துச்சுங்க அக்கா. அழுக்குன்னு நெனச்சு பஞ்சு வச்சு மெல்லத்தான் எடுத்தேன்..."

அடக்கடவுளே, நான் பேசிய பேச்சு! "என்ன காரியம் பண்ணித் தொலைச்ச! படிச்ச புள்ளைதான நீ? உன்னைய யாரு தொடைக்கச் சொன்னா? அவ மூஞ்சி ஒண்ணுக்காகத்தானே நான் இத்தனை நாளா நாயா அலையறேன்! மில்லாவது மண்ணாவது, எனக்கு எதுக்கு உன் காட்சியகம்? அவ மூஞ்சியக் குடு!" வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். இங்கே எழுத முடியாததும் சொன்னேன். டீச்சர் சுவரோடு ஒட்டி நின்று அழுதது. "தண்ணிகூடத் தொடலீங்க அக்கா, பஞ்சுதான், சத்தியமா பஞ்சுதான்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னது.

என் வீட்டுக்காரர் போட்டோவை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏ புள்ள, கண்ணாடி எந்த வருஷம் ஒடஞ்சுது?"

அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது.

ஒரு காற்றுமழையில் ஜன்னல் அடித்து அந்தச் சட்டம் கீழே விழுந்து கண்ணாடி நொறுங்கியது. கணக்குப்பிள்ளை, அப்புறம் போட்டுக்கலாம் என்று கண்ணாடி இல்லாமலே மாட்டினார். அப்புறம் வரவே இல்லை. அதுவரைக்கும் நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, ஈர்க்குச்சி நுனியால் அவள் நெற்றிக்குச் சின்னதாக வைப்பேன். கண்ணாடி போன பிறகு துடைத்தால் படம் கெட்டுவிடுமே என்று பயந்து, துடைக்காமல் பழைய பொட்டு மேலேயே புதுப் பொட்டு வைத்தேன். குச்சி தேட எனக்கு எங்கே பொறுமை? விரலாலேயே வைத்தேன். படத்தில் அவள் முகம் சுண்டைக்காய் அளவு. என் விரல் எவ்வளவு! ஈரச் சந்தனம், அதன் மேல் குங்குமம், வருஷா வருஷம், மில்லைப் பூட்டுகிற வரைக்கும். அடியில் முகம் பத்திரமாக இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட அடியில் பார்க்கவில்லை. பார்க்க நான் எங்கே நின்றேன்? பொட்டை வைத்துவிட்டுப் பொரி வாங்க ஓடினேன்.

பஞ்சு வைப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்பே அந்த முகம் போய்விட்டது. நான்தான் அழித்தேன்.

டீச்சரிடம் போய் அதன் கண்ணைத் துடைத்துவிட்டேன். "நீ இல்ல சாமி. நான்தான். அது நான் வச்ச பொட்டு" என்றேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். என் வாழ்க்கையில் அதிகம் பேரிடம் கேட்டதில்லை, அதனால் சரியாக வரவில்லை. அது தலையைத் தலையை ஆட்டியது. கம்ப்யூட்டரில் முகம் வரைந்து ஒட்டலாம், உங்கள் ஜாடையை வைத்துச் செய்வார்கள் என்றது. வேண்டாம் என்றேன். இருந்ததைக் கெடுத்ததே போதும், இல்லாததை வேறு ஒட்ட வேண்டுமா?

பிறகுதான் போட்டோவைக் கையில் வாங்கினேன். எனக்குப் பேர் சொல்கிற வேலை இருந்தது. ஒவ்வொருவராக விரல் படாமல் காட்டிக்கொண்டே வந்தேன். என் இடம் வந்தபோது டீச்சர், "நீங்க மட்டும் ஏனுங்க அக்கா மங்கலா இருக்கீங்க?" என்றது. ஆமாம், என் முகமும் சரியாக விழவில்லை. இழுத்துவிட்ட மாதிரி இரண்டு மூக்கு. போட்டோக்காரர் ஆடாதே ஆடாதே என்று கத்தியும் நான் ஆடியிருக்கிறேன். அக்கா ஆடிவிட்டாள், தங்கச்சி அழிந்துவிட்டாள் என்று நினைத்தபடி கொஞ்சம் கீழே பார்த்தேன்.

அங்கே ஒரு கை இருந்தது. தங்கச்சி கை. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிற கை. கண்ணாடி வளையல் மூன்று, எண்ணிவிடலாம். தோல் உரித்து உரித்து விறைத்துப்போன விரல்களில் நகம்கூடத் தெரிந்தது. படம் முழுவதிலும் அவ்வளவு தெளிவாக வேறெதுவும் விழவில்லை. அவள்தான் என்னைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள். "ஆடாம நில்லு அக்கா, ஒரே ஒரு நிமிசம் நில்லு" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது, இத்தனை வருஷம் கழித்து, அப்படியே காதில் விழுந்தது. நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அழுதேன், நன்றாகவே அழுதேன். என் வீட்டுக்காரர் அடுப்பைப் பார்த்துக்கொண்டார்.

கிளம்பும்போது டீச்சர், "இது உங்க ஊட்டுலயே இருக்கட்டுங்க அக்கா. நான் ஒரு காப்பி எடுத்துக்கறேன்" என்றது. ஆணி சுவரில் தயாராக இருந்தது. எனக்கு ஆசை இல்லாமல் இல்லை.

"வேண்டாம் கண்ணு, எடுத்துக்கிட்டுப் போ" என்றேன். "இங்க இருந்தா என் கை சும்மா இருக்காது. மூஞ்சிய எடுத்த மாதிரி அந்தக் கையையும் எடுத்துருவேன். கூட்டத்துல ஆயிரம் பேசுனேனே, அதெல்லாம் விடு. என்னைய மாதிரி ஆளுங்ககிட்ட இருந்து காப்பாத்தறதுக்குத்தான் காட்சியகம் வேணும்."

டீச்சர் துணியில் சுற்றியது. பஸ் நிற்கும் இடம்வரை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன், எங்கேயும் நிற்காமல், வேறெந்த வேலையும் பார்க்காமல். பஸ் ஏறியதும் ஜன்னல் வழியாக மூட்டையைக் கொடுத்தேன்.

"நல்ல கனமான கண்ணாடியாப் போடு. ஆயுத பூஜைக்கு நான் வருவேன்."

"காட்சியகத்துல தொடக் கூடாதுன்னு போர்டு வைப்பாங்க அக்கா" என்றது.

"வைக்கட்டும். நான் பொட்டைக் கண்ணாடி மேலதான் வைப்பேன். சாயங்காலம் நீ தொடச்சுரு."